தொலைபேசி நிலையத்தின் சாவி யார் கையில்?

திருமுல்லைவாயில் என்றதும் பக்தர்களின் நினைவுக்கு வருவது மாசிலாமணீசுவரர் ஆலயம். தொண்டைமான் மன்னனின் யானையை முல்லைக்கொடி வளைத்துக்கொண்ட கதை அந்த வட்டாரத்தில் யாவரும் அறிந்தது. குறும்பர்களின் கோட்டையை வென்று அவன் கொண்டுவந்து நாட்டியவை என்று சொல்லப்படும் எருக்கந்தூண்கள் இரண்டும் இன்றைக்கும் சந்நிதியின் முன்னே நிற்கின்றன.

அந்தக் காலத்தில் கோட்டையைப் பிடிக்கப் படை வேண்டும். இந்தக் காலத்துக் கோட்டைகள் சிலவற்றுக்குப் படை வேண்டாம். ஒரு பெயர், ஒரு ரகசியச் சொல், நாலு வரிக் கட்டளை, இவ்வளவும் இருந்தால் போதும். இப்படிப்பட்ட கோட்டைகளில் முதன்மையானது தொலைத்தொடர்பு வலைப்பின்னல்.

அதை நம்பித்தான் இன்று திருமுல்லைவாயிலும் பிழைக்கிறது. மகளிர் தொழிற்பேட்டையில் உதிரிப் பாகம் செய்யும் பட்டறைக்கு ஆர்டர் வருவது அதன் வழியே. காய்கறிக் கடையில் செல்போனைக் காட்டிக் காசு கொடுப்பது அதன் வழியே. ரேஷன் கடையில் விரல் ரேகை சரிபார்ப்பதும் அதன் வழியேதான். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தவருக்கு 108 வண்டியை அழைப்பதும் அதன் வழியேதான். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரம் முழுவதற்கும் இதே கதை.

இந்த வலைப்பின்னலுக்குள் நுழைந்து உத்தரவு போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அவர் போட்ட உத்தரவை யார் கவனிக்கிறார்கள்? தவறான உத்தரவு விழுந்துவிட்டால் திருத்துவது எப்படி? உலகின் பல நாடுகளில் சர்க்கார்களை உறங்கவிடாமல் செய்துவரும் கேள்விகள் இவை.

கைமாறிய காவல்

சென்னையில் முதல் தொலைபேசி நிலையம் 1882-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அப்போது இணைப்புக் கொடுத்தது மனிதக் கை. பலகையின் முன் அமர்ந்திருப்பவர், "எந்த எண் வேண்டும்?" என்று கேட்டு, கம்பியை எடுத்துச் செருகுவார். அவர் நேர்மையானவராக இருந்தால் தொலைபேசியும் நேர்மையாக இருக்கும்.

அந்த நேர்மையைச் சந்தேகித்தவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். பெயர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். கான்ஸாஸ் நகரில் ஈமச்சடங்குத் தொழில் நடத்தியவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை நிலையத்துப் பெண்மணி போட்டிக் கடைக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்கு ஐயம் எழுந்ததாகச் சொல்வார்கள். மனிதர் நடுவிலே இல்லாமல் தானே இணைக்கும் இயந்திரத்தை அவர் கண்டுபிடித்தார். அதற்கு 1891-ல் காப்புரிமையும் பெற்றார். பல பத்தாண்டுகளுக்கு உலகெங்கும் "டக் டக்" என்று ஓசையிட்டுக்கொண்டிருந்தவை அவர் பெயர் தாங்கிய இயந்திரங்களே. இந்தியாவும் விலக்கல்ல.

அந்த இயந்திரத்தை ஏமாற்ற வேண்டுமானால் கட்டடத்துக்குள் வந்து கம்பியைத் தொட வேண்டும். வாசலில் காவல்காரர் ஒருவர் இருந்தாலே பாதி கவலை தீர்ந்தது.

1965-ல் நிலைமை மாறியது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், கம்ப்யூட்டரின் நினைவில் பதித்த கட்டளைகளின்படி இயங்கும் பெரிய தொலைபேசி நிலையம் ஒன்று வேலை செய்யத் தொடங்கிற்று. பிறகு உலகமே அந்த வழியில் நடந்தது. நம் நாட்டில் 1984-ல் சி-டாட் ஸ்தாபனம் பிறந்தது. ஒடிசாவில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற சாம் பிட்ரோடா அதற்கு வழிகாட்டினார். 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் 128 இணைப்புகள் கொண்ட கிராமத் தொலைபேசி நிலையத்தை அது நிறுவியது. குளிர்சாதன வசதி இல்லாமலே, நம் ஊர் வெயிலையும் புழுதியையும் தாங்கி அது இயங்கியது. நமது இன்ஜினீயர்களுக்குப் பெருமை தந்த சாதனை அது.

ஆனால் காவலின் இடம் அன்றே மாறிவிட்டது. வாசலில் இருந்த காவல், விசைப்பலகைக்கு வந்து சேர்ந்தது.

கட்டளை என்பது என்ன?

இன்றைய தொலைத்தொடர்பு நிலையத்தில் சுழலும் சக்கரம் கிடையாது. அலமாரி அலமாரியாகப் பெட்டிகள் இருக்கும். சில பெட்டிகள் செல்போன் அழைப்புகளை இணைப்பவை. ரூட்டர் என்னும் பெட்டிகள், இன்டர்நெட்டில் ஓடும் செய்திகளுக்கு எந்தத் திசையில் போக வேண்டும் என்று வழிகாட்டுபவை. இவற்றைக் கவனிக்கும் ஊழியர் பெட்டியின் அருகில் உட்கார வேண்டியதில்லை. திருமுல்லைவாயிலில் இருக்கும் பெட்டிக்கு மும்பையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒருவர் உத்தரவு போடலாம்.

முதலில் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து அவர் உள்ளே நுழைவார். பெட்டி அவரை ஏற்றுக்கொண்டதும் திரையில் ஒரு குறி கண்சிமிட்டும். "இந்த இணைப்பின் நிலை என்ன?" என்று கேட்பது ஒருவகைக் கட்டளை. அதனால் தீமை ஒன்றுமில்லை. "இந்த இணைப்பைத் துண்டி", "இந்தப் பாதையை மாற்று", "இந்த வடிகட்டியை நீக்கு" என்பவை மற்றொரு வகை. அவற்றைத் தட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் கண்ணிமைக்கும் நேரத்தில் காரியம் நடந்துவிடும். ஒரு தெருவின் இணைப்பும் அறுபடலாம். ஒரு நாட்டின் இணைப்பும் அறுபடலாம்.

தபால்காரர் ஒரு கடிதத்தைத் தவறான வீட்டில் போட்டால் ஒரு வீட்டுக்குத்தான் கஷ்டம். தபால் நிலையத்தின் முகவரிப் புத்தகத்தையே ஒருவர் கிழித்துப் போட்டால் ஊர் முழுவதற்கும் கஷ்டம். ரூட்டருக்குக் கொடுக்கும் கட்டளை இந்த இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தது.

ஏதென்ஸ் நகரத்து மர்மம்

கள்ளர் கையில் இந்த அதிகாரம் சிக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு கிரீஸ் நாட்டில் நடந்த சம்பவம் உதாரணம். ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த 2004-ம் ஆண்டு அது. அந்நாட்டின் பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ், மந்திரிகள், ராணுவ அதிகாரிகள் உள்ளிட்ட 100-க்கு மேற்பட்டவர்களின் செல்போன் பேச்சுகள் ரகசியமாக ஒட்டுக் கேட்கப்பட்டன. அவர்கள் பேசும்போதெல்லாம் அந்தப் பேச்சு வேறு சில கள்ளச் செல்போன்களுக்கும் போய்க்கொண்டிருந்தது.

வோடஃபோன் நிறுவனத்தின் நிலையங்களில் இருந்தவை எரிக்ஸன் கம்பெனி தயாரித்த இயந்திரங்கள். சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கான பகுதி அவற்றில் இருந்தது. ஆனால் அதை உபயோகிக்கும் வசதியை வோடஃபோன் அப்போது வாங்கியிருக்கவில்லை. உறங்கிக் கிடந்த அந்தப் பகுதியை யாரோ உள்ளே நுழைந்து எழுப்பிவிட்டார்கள்.

வியப்பு இதில் முடியவில்லை. இயந்திரத்துக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு கட்டளையும் குறிப்பேட்டில் பதிவாகும். அந்தக் கள்ளர்கள் குறிப்பேட்டையே ஏமாற்ற வழி செய்திருந்தார்கள். சாதாரணக் கட்டளை ஒன்றைத் தட்டி, அதன் பின்னால் ஆறு வெற்றிடங்கள் விட்டால் போதும். குறிப்பேடு கண்ணை மூடிக்கொள்ளும். அபாய அறிவிப்பும் வாயை மூடிக்கொள்ளும். அதன் பிறகு என்ன உத்தரவு போட்டாலும் சுவடு இராது!

2005 ஜனவரியில், கள்ளர்கள் தங்கள் நிரலைப் புதுப்பிக்கப் போய் எங்கோ பிசகிவிட்டது. சில குறுஞ்செய்திகள் போய்ச் சேரவில்லை. அதை ஆராய்ந்தபோதுதான் பூதம் வெளிப்பட்டது. விஷயம் வெளியானதும் விசாரணை நடந்தது. ஆனால் நிலையத்துக்கு வந்துபோனவர்களின் கையெழுத்துப் புத்தகங்கள் வழக்கமான காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டிருந்தன. இயந்திரப் பதிவுகள் பலவும் மிஞ்சவில்லை. கள்ள நிரல் அகற்றப்பட்ட மறுநாள், 2005 மார்ச் 9 அன்று, அந்நிறுவனத்தின் இன்ஜினீயர் ஒருவர் தூக்கில் பிணமாகக் காணப்பட்டார்.

"கள்ளனும் தோட்டக்காரனும் ஒன்று சேர்ந்தால் விடியுமட்டும் திருடலாம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. தோட்டக்காரன் குற்றவாளியா, நிரபராதியா என்பதைக்கூட, குறிப்பேடு ஒழுங்காக இருந்தால்தானே சொல்ல முடியும்?

பெட்டிக்குள் சாவி

கள்ளர் வரவேண்டும் என்பதில்லை. நல்லவர் போடும் உத்தரவும் நாட்டை நிறுத்திவிடலாம்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப் இரண்டும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் ஓய்ந்து கிடந்தன. வழக்கமான பராமரிப்பின்போது ஒருவர் கொடுத்த கட்டளை, அந்நிறுவனத்தின் நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலைப்பின்னலையே துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க ஒரு தணிக்கைக் கருவி இருக்கத்தான் செய்தது. அந்தக் கருவியிலும் பிழை!

அடுத்த ஆண்டு கனடாவின் முறை. 2022 ஜூலை 8 அன்று ரோஜர்ஸ் நிறுவனத்தின் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட சந்தாதாரர்களுக்குத் தொலைபேசியும் இன்டர்நெட்டும் போயின. ஏழு கட்டங்களாகச் செய்யத் திட்டமிட்ட மாற்றத்தில் அது ஆறாவது கட்டம். முதலில் "அதிக அபாயம்" என்று மதிப்பிடப்பட்ட வேலை அது. முந்தைய கட்டங்கள் நன்றாக முடிந்ததால் "குறைந்த அபாயம்" என்று மாற்றிவிட்டார்கள். ஒரு வடிகட்டியை நீக்கும் கட்டளை விழுந்தது. அணை உடைந்த வெள்ளம்போல் பாதைத் தகவல்கள் புகுந்து மைய ரூட்டர்களைச் சாய்த்துவிட்டன.

சரி, கட்டளையைத் திரும்பப் பெறலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். ரூட்டருக்குள் நுழையும் வழியும் அதே வலைப்பின்னலைத்தான் நம்பியிருந்தது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை! ஊழியர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளக்கூட வழியில்லை. அவர்களுடைய தொலைபேசியும் அதே கம்பெனியின் தொலைபேசிதானே? கடைகளில் வங்கி அட்டை செல்லவில்லை. கோபுரங்கள் மட்டும் உயிரோடு இருந்ததால், செல்போன்கள் வேறு கம்பெனிக்குத் தாவாமல் அதையே பற்றிக்கொண்டிருந்தன. அதனால் அவசர உதவிக்கு அழைத்தவர்களில் பலருக்கும் இணைப்புக் கிடைக்கவில்லை. நிலைமை சீராக ஏறக்குறைய ஒரு நாள் பிடித்தது.

போர்க்களமான விசைப்பலகை

யுத்தத்திலும் இந்த ஆயுதம் புகுந்துவிட்டது. 2023 டிசம்பர் 12 அன்று உக்ரேனின் மிகப் பெரிய செல்போன் நிறுவனமான கீவ்ஸ்டார் படுத்துவிட்டது. சுமார் 2 கோடியே 40 லட்சம் சந்தாதாரர்கள் திண்டாடினார்கள். சில இடங்களில் விமானத் தாக்குதல் அபாயச் சங்கும் பாதிக்கப்பட்டது. எதிரிகள் அந்த ஆண்டு மே மாதத்திலேயே உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று உக்ரேன் பாதுகாப்பு இலாகா பின்னர் தெரிவித்தது. ஊழியர் ஒருவரின் உள்நுழைவுக் கணக்கு களவுபோனதே வாசலைத் திறந்ததாக நிறுவனத்தின் தலைவர் கூறினார்.

2024-ல் அமெரிக்காவே அதிர்ந்தது. "ஸால்ட் டைஃபூன்" என்று பெயரிடப்பட்ட கூட்டம், அந்நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் பலவற்றில் புகுந்திருந்தது தெரியவந்தது. சீன சர்க்காரின் தொடர்பு அதற்கு உண்டு என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது. சீனா மறுத்தது. ஓரிடத்தில் ஒரே ஒரு நிர்வாகியின் கணக்குக்கு 1 லட்சத்துக்கு மேற்பட்ட ரூட்டர்களைத் திறக்கும் அதிகாரம் இருந்தது என்று வெள்ளை மாளிகை அதிகாரி ஒருவர் வெளியிட்டார். ஒரு சாவி, லட்சம் பூட்டு! நாட்டின் கஜானாவை இப்படி யாராவது வைப்பார்களா?

நம் நாட்டில் என்ன ஏற்பாடு?

இந்திய சர்க்கார் இந்த அபாயத்தை முன்பே உணர்ந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2011 மே 31 அன்று தொலைத்தொடர்பு இலாகா, கம்பெனிகளின் உரிமங்களில் புதிய பாதுகாப்பு நிபந்தனைகளைச் சேர்த்தது. அவற்றில் ஒன்று பொன்னெழுத்துக்களில் பொறிக்கத்தக்கது. இயந்திரங்களை இயக்கவும் பராமரிக்கவும் கொடுக்கப்படும் ஒவ்வொரு கட்டளையையும் பதிவு செய்ய வேண்டும் என்பதே அது. அந்தப் பதிவு நாலு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

கொடுத்த கட்டளை என்ன? கொடுத்தவர் யார்? எப்போது கொடுத்தார்? எங்கிருந்து கொடுத்தார்?

இந்தப் பதிவை 12 மாதங்கள் உடனே பார்க்கக்கூடிய நிலையிலும், அதற்குமேல் 24 மாதங்கள் தனியாகவும் பாதுகாக்க வேண்டும். ஏதென்ஸ் நகரில் எந்தச் சுவடுகள் அழிந்து உண்மை மறைந்ததோ, அதே சுவடுகளைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. முக்கியமான இயந்திரங்களின் பொறுப்பில் இந்தியப் பிரஜைகளே இருக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து உள்நுழைவதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பவையும் அப்போது விதிக்கப்பட்டன.

2021 ஜூன் 15 முதல், நம்பகமானவை என்று அங்கீகாரம் பெற்ற இடங்களிலிருந்து வரும் சாதனங்களையே புதிதாக இணைக்கலாம் என்று ஏற்பாடு வந்தது. 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், அனுமதியின்றி வலைப்பின்னலுக்குள் நுழைபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனை வகுத்தது. 2024 நவம்பரில் வந்த விதிகள், கம்பெனிகள் பாதுகாப்புக்கென்று தனி அதிகாரியை நியமிக்க வேண்டும் என்றும், அசம்பாவிதம் நேர்ந்தது தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் சர்க்காருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் கூறின.

குறை எங்கே?

சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் "யார்?" என்ற கேள்விக்கு உண்மையான விடை கிடைத்தால்தான் மற்ற மூன்று விடைகளுக்கும் மதிப்பு உண்டு. பத்துப் பேர் ஒரே பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் பங்குபோட்டு உபயோகித்தால், குறிப்பேட்டில் அந்தப் பொதுப் பெயர்தான் இருக்கும். விரல் யாருடையது என்று தெரியாது. ஒப்பந்த ஊழியர் வேலையை விட்டுப் போன பிறகும் அவர் கணக்கு மூடப்படாமல் கிடந்தால், வீட்டை விற்ற பிறகும் பழைய சொந்தக்காரரிடம் சாவி இருப்பதற்கு ஒப்பாகும்.

தொழிற்சாலையிலிருந்து வரும்போது இருக்கும் கடவுச்சொல்லை மாற்றாமலே விடுவது இன்னொரு வியாதி. 2017 ஜூலையில் கர்நாடகத்தில் பி.எஸ்.என்.எல். சந்தாதாரர்களின் வீட்டு மோடங்கள் ஆயிரக்கணக்கில் விஷ நிரலால் முடங்கின. பழைய கடவுச்சொல்லை மாற்றாத மோடங்களே அதற்கு இரையாயின. மாற்றிக்கொள்ளும்படி நிறுவனம் சந்தாதாரர்களை வேண்டிக்கொண்டது. இதைப் பார்க்கும்போது, பாதுகாப்பு என்பது பெரிய கம்பெனிகளின் மாளிகையில் மட்டும் இல்லை என்பது விளங்கும். தெருவில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் கண்ணாடி இழைக் கம்பி இழுத்து வீட்டுக்கு வீடு இன்டர்நெட் தரும் சிறு கேபிள்காரரிடமும் அது இருக்கிறது. அவரிடமும் ஒரு பெட்டி உண்டு. அதற்கும் ஒரு கடவுச்சொல் உண்டு. அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது யார்?

இதற்கு ஊழியர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நள்ளிரவில் இணைப்பு அறுந்துவிடுகிறது. புகார்கள் குவிகின்றன. மேலதிகாரி நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார். அந்த நேரத்தில் அனுமதி கேட்டுக் காத்திருக்கச் சொன்னால், வேலை நடப்பது எப்படி? பூட்டை இறுக்கினால் பழுது பார்ப்பது தாமதமாகும். தளர்த்தினால் கள்ளன் நுழைவான். ஏதென்ஸ் சொல்லும் பாடமும் கனடா சொல்லும் பாடமும் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தோன்றுவது இதனால்தான்.

உண்டியல் காட்டும் வழி

இந்தச் சிக்கலுக்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோயில் உண்டியலைத் தனி ஒருவர் திறப்பதில்லை. அதிகாரிகளும் பக்தர்களும் கூடியிருக்க, முத்திரையைச் சரிபார்த்துத் திறந்து, எண்ணிக் கணக்கு எழுதுகிறார்கள். திறப்பவரை யாரும் திருடர் என்று நினைப்பதில்லை. அவர் மீது பழி விழாமல் காப்பதும் அந்த ஏற்பாடுதான்.

தொலைத்தொடர்பு இயந்திரங்களுக்கும் இதுவே பொருந்தும். நிலையைக் கேட்கும் கட்டளைகளைத் தனி ஊழியர் தாராளமாகக் கொடுக்கட்டும். நாட்டையே பாதிக்கக்கூடிய கட்டளைகளுக்கு மட்டும் இரண்டாவது கண் வேண்டும். கட்டளைக் குறிப்பேடு, கட்டளை போடுபவரின் கைக்கு எட்டாத வேறு இயந்திரத்தில் இருக்க வேண்டும். ஆபத்துக் காலத்தில் உள்ளே நுழைய, மற்றொரு கம்பெனியின் கம்பி வழியாகவாவது தனிப் பாதை ஒன்று இருக்க வேண்டும். அதன் சாவி முத்திரையிட்ட உறையில் இருக்கட்டும். எடுத்தவர் மறுநாள் காரணம் சொல்லட்டும். இந்த முறையில் பூட்டும் இறுக்கமாக இருக்கும்; அவசர வாசலும் திறந்திருக்கும்.

இவ்வளவும் காகிதத்தோடு நின்றால் பயனில்லை. அனுமதியில்லாத பெயரில் ஒருவரை நுழையச் சொல்லிப் பார்க்க வேண்டும். குறிப்பேடு அதைப் பிடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஊழியர் தெரியாமல் செய்த பிழையை உடனே ஒப்புக்கொண்டால், அவருக்குத் தண்டனை இராது என்ற உறுதியும் தேவை. பயந்தவன் பிழையை மறைப்பான். மறைத்த பிழை பெரிதாக வளரும்.

அம்பத்தூர், ஆவடி பகுதிகளில் பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் படித்த இளைஞர்களும் யுவதிகளும் ஏராளம். கண்ணாடி இழைக் கம்பியை ஒட்டவும், பெட்டியை மாட்டவும் அவர்கள் கற்கிறார்கள். கடவுச்சொல்லின் ஒழுக்கத்தையும் கட்டளையின் பொறுப்பையும் தமிழிலேயே அவர்களுக்குக் கற்பித்தால், சிறு கேபிள்காரர்களுக்கும் நல்ல துணை கிடைக்கும். அதற்காகும் செலவு, ஒரு நாள் இணைப்பு அறுந்தால் ஏற்படும் நஷ்டத்துக்கு முன் எம்மாத்திரம்?

108-ஐ அழைக்கும் தாய்க்கு ரூட்டர் என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. மறுமுனையில் மணி அடித்தால் போதும். அந்த மணி அடிப்பதற்கு, எங்கோ கண்காணாத இடத்தில் விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவர் பொறுப்போடு இருக்க வேண்டும். அவர் போடும் கட்டளையை நாலு கேள்விகளும் தினந்தோறும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்க வேண்டியது சர்க்காரின் கடமை. விடை சொல்ல வேண்டியது கம்பெனிகளின் கடமை.